உள்சக்கரத்தின் கணக்கு: சிறிய பந்தயக் காருக்கு எந்த டிஃபரன்ஷியல்?

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் நான்கு மாடவீதிகளையும் ஒரு கார் வலமாகச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புமானால், அதன் இடப்பக்கச் சக்கரங்கள் வலப்பக்கச் சக்கரங்களைவிட ஏறத்தாழ ஒன்பதரை மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையிலான அகலம் ஒன்றரை மீட்டர் என்று கொண்டால் கிடைக்கும் இந்த எண், வீதியின் நீளத்தையோ, முனைகளில் கார் ஒடித்துத் திரும்பியதா அகலமாகத் திரும்பியதா என்பதையோ பொறுத்து மாறுவதில்லை. மாட்டுவண்டிக்கு இது ஒரு சிக்கலாக இருந்ததே இல்லை. அச்சு அசையாமல் நிற்க, கடையாணிக்குள் அடங்கிய ஒவ்வொரு சக்கரமும் தன் போக்கில் சுழல்வதால், வெளிச்சக்கரம் கூடுதலாகவும் உள்சக்கரம் குறைவாகவும் உருண்டு கணக்கைத் தாமே நேர்செய்துகொள்கின்றன. எஞ்சின் சக்கரங்களையே சுழற்றத் தொடங்கியபோதுதான், ஒரே எஞ்சின் இரு சக்கரங்களையும் இயக்க வேண்டும், அதே நேரத்தில் அவை வெவ்வேறு வேகத்தில் சுழலவும் வேண்டும் என்ற இரட்டைத் தேவை எழுந்தது. பிரான்சைச் சேர்ந்த ஒனேசிஃபோர் பெக்கூர் 1820-களின் இறுதியில் நீராவி வண்டிக்காக வகுத்த பல்சக்கரத் தொகுதி இத்தேவைக்கு விடையளித்தது. டிஃபரன்ஷியல் எனப்படும் அத்தொகுதியின் வழித்தோன்றல்தான் இன்று சாலையில் ஓடும் கார்களிலும் ஆட்டோக்களிலும் இருக்கிறது.

சாதாரண டிஃபரன்ஷியலின் இயல்பை இரண்டு விதிகளில் அடக்கிவிடலாம். எஞ்சினால் சுழலும் கூட்டின் வேகம் எப்போதும் இரு சக்கரங்களின் வேகத்துக்குச் சராசரியாக இருக்கும் என்பது முதல் விதி. இரு சக்கரங்களுக்கும் செல்லும் முறுக்கு விசை, அதாவது அச்சைத் திருப்பும் விசை, எப்போதும் சமமாகவே இருக்கும் என்பது இரண்டாவது விதி. முதல் விதி நகரத் தெருக்களில் கார் ஓசையின்றித் திரும்ப உதவுகிறது என்றால், இரண்டாவது விதி பந்தயத் தடத்தில் இடையூறாகிறது. வளைவில் வேகமாகத் திரும்பும் காரின் எடை வெளிப்புறமாகச் சாய்வதால் உள்சக்கரம் தரையை லேசாகவே அழுத்துகிறது. அந்த லேசான சக்கரம் தாங்கக்கூடிய விசை எவ்வளவோ அவ்வளவுதான் நன்றாக அழுந்தி நிற்கும் வெளிச்சக்கரத்துக்கும் கிடைக்கும். ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மேலும் அழுத்தினால் உள்சக்கரம் வீணே சுழன்று புகை கிளப்புமே தவிர, கார் கூடுதலாக வேகமெடுக்காது.

சறுக்கலுக்கு வரம்பிடும் டிஃபரன்ஷியல், பந்தய வழக்கில் எல்.எஸ்.டி., இந்தக் குறையைப் போக்கப் பிறந்த கருவி. ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த, பின்புறம் பதினாறு சிலிண்டர் எஞ்சினைத் தாங்கிய ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களில் ஒரு பின்சக்கரம் வீணே சுழல்வதைத் தடுக்க, ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் 1930-களின் நடுவில் இவ்வகைக் கருவியை உருவாக்கியது. இரு சக்கரங்களும் வேறுபட்ட வேகத்தில் சுழலும் உரிமையை முழுமையாகப் பறிக்காமல், அந்த வேறுபாட்டுக்கு உராய்வின் மூலம் ஓர் எல்லை வைப்பதே இதன் வேலை. சக்தி மிகுந்த கார்களுக்காகப் பிறந்த இக்கருவி 1200, 1300 சி.சி. எஞ்சின் கொண்ட சிறிய காருக்குத் தேவைதானா, தேவையென்றால் எவ்வகை என்பதே அமெச்சூர் பந்தயக்காரர் முன்னுள்ள கேள்வி.

சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை

சென்னையின் மோட்டார் பந்தய வரலாறு இக்கேள்வியை இரண்டு கட்டங்களாகப் பிரித்துக் காட்டுகிறது. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், நகரின் வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்களை நடத்தியது. அக்காலத்து இந்தியக் கார்களான ஃபியட் 1100, சென்னையை அடுத்துத் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை பின்சக்கர இயக்கம் கொண்டவை. கார் வேகமெடுக்கும்போது எடை பின்னோக்கி நகர்ந்து இயங்கும் சக்கரங்களையே அழுத்துவதால், அவற்றின் பிடிமானம் தேவைப்படும் நேரத்தில் ஓரளவு தானாகவே கூடியது. 1983-இன் இறுதியில் மாருதி 800 வந்த பின்னர் சிறிய கார் என்றாலே முன்சக்கர இயக்கம் என்ற நிலை படிப்படியாக உருவாயிற்று. முன்சக்கர இயக்கத்தில் இக்கணக்கு தலைகீழாகிறது. வேகமெடுக்கும்போது எடை பின்னோக்கி நகர்வதால் இயங்கும் சக்கரங்கள் இரண்டுமே இலகுவாகின்றன, அவற்றிலும் வளைவின் உட்புறத்துச் சக்கரம் மேலும் இலகுவாகிறது.

இம்மாற்றத்தின் இரு முகங்களையும் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை என்ற ஒரே ஊரில் காணலாம். 1990-இல் அங்கே திறக்கப்பட்ட, சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 திருப்பங்களும் கொண்ட பந்தயத் தடம் சோழவரத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. 1998-இல் அதே ஊரின் ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோ என்ற முன்சக்கர இயக்கச் சிறிய கார் வெளிவந்தது. ஓடுதளத்தின் நீண்ட நேர்ப்பாதைகளில் எஞ்சினின் வலிமை பெரிதும் தீர்மானித்த பந்தயத்தை, திருப்பங்கள் நிறைந்த தடத்தில் வளைவை விட்டு வெளியேறும் வேகம் தீர்மானிக்கத் தொடங்கியது. 2024 ஆகஸ்ட் இறுதியில் தீவுத்திடலைச் சுற்றி அண்ணாசாலை, சிவானந்தா சாலை வழியே சுமார் மூன்றரை கிலோமீட்டர் தடத்தில் நடந்த இரவுப் பந்தயத்தில் ஓடியவை ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்கள்தாம் என்றாலும், மெதுவான திருப்பத்திலிருந்து யார் முதலில் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்த முடிகிறது என்பதே அத்தகைய நகரத் தடத்தின் போட்டி என்பதை நகர மக்கள் நேரிலேயே பார்த்தார்கள்.

எண்களில் ஒரு வளைவு

எல்.எஸ்.டி. எவ்வளவு தேவை என்பதை ஊகத்துக்கு விடாமல் ஓர் எளிய கணக்கால் அளந்து பார்க்கலாம். ஓட்டுநருடன் சேர்த்து ஆயிரம் கிலோ எடையுள்ள முன்சக்கர இயக்கக் கார் ஒன்று வளைவிலிருந்து வெளியேறும் தருணத்தில், அதன் முன்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து 500 கிலோவையும், அதில் உள்சக்கரம் 100 கிலோவையும் வெளிச்சக்கரம் 400 கிலோவையும் தாங்குவதாகவும், ஒவ்வொரு டயரும் தான் தாங்கும் எடைக்குச் சமமான தள்ளுவிசையைத் தரக்கூடியது என்றும் கொள்வோம். சாதாரண டிஃபரன்ஷியலில் வெளிச்சக்கரமும் உள்சக்கரத்தின் 100 கிலோ அளவுக்கே கட்டுப்படுவதால், காருக்குக் கிடைக்கும் மொத்தத் தள்ளுவிசை 200 கிலோ மட்டுமே. உள்சக்கரத்துக்குச் செல்வதைப் போல் இரண்டு மடங்கு விசையை வெளிச்சக்கரத்துக்கு அனுப்பும் எல்.எஸ்.டி. இருந்தால் இது 100-உடன் 200 சேர்ந்து 300 கிலோவாகும். மூன்று மடங்கு அனுப்புவதாக இருந்தால் 400 கிலோவாகும். இந்த மடங்கையே பொறியாளர்கள் முறுக்குவிசைச் சாய்வு விகிதம் என்பார்கள். சில விற்பனையாளர்கள் இதையே பிணைப்பு விழுக்காடு என்று குறிப்பிடுகிறார்கள். இரு விசைகளின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பெறும் அந்தக் கணக்கில் இரண்டுக்கு ஒன்று என்பது 33 விழுக்காடு, மூன்றுக்கு ஒன்று என்பது 50 விழுக்காடு.

இனி எஞ்சினின் பக்கத்தைப் பார்க்க வேண்டும். 110 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தரும் 1200 சி.சி. எஞ்சினின் விசை, இரண்டாம் கியரில் மொத்தமாக எட்டு மடங்கு பெருகி 29 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்துக்கு வந்து சேருமானால், இழப்புகளைக் கருதாமல் சுமார் 300 கிலோ தள்ளுவிசை கிடைக்கும். மூன்றாம் கியரில் பெருக்கம் ஐந்தேகால் மடங்கு அளவுக்குக் குறைவதால் கிடைப்பது ஏறத்தாழ 200 கிலோதான். இவ்விரு எண்களையும் முந்தைய கணக்கோடு பொருத்திப் பார்த்தால் நிலைமை தெளிவாகிறது. மூன்றாம் கியரில் கடக்கும் விரைவான வளைவில் இந்தச் சிறிய எஞ்சினுக்குச் சாதாரண டிஃபரன்ஷியலே கிட்டத்தட்டப் போதும். இரண்டாம் கியர் வளைவில் எல்.எஸ்.டி. தேவைதான், ஆனால் இரண்டுக்கு ஒன்று என்ற மிதமான விகிதமே அத்தேவையை நிறைவு செய்துவிடுகிறது. வளைவில் டயர் தன் பிடிமானத்தின் ஒரு பகுதியைப் பக்கவாட்டில் காரைத் தாங்கச் செலவிடுவதால் உண்மையான எண்கள் இவற்றிலிருந்து வேறுபடும் என்றாலும், வலுவான பிணைப்பே சிறந்த பிணைப்பு என்ற எண்ணம் சிறிய காருக்குப் பொருந்தாது என்பதை இக்கணக்கு காட்டிவிடுகிறது.

அளவுக்கு மீறிய பிணைப்புக்கு விலையும் உண்டு. இரு முன்சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழலக் கட்டாயப்படுத்தப்பட்டால் கார் நேராகச் செல்லவே விரும்பும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் மூக்கு வளைவின் வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டு போகும். விசை ஒரு சக்கரத்திலிருந்து மற்றதற்குத் திடீரெனத் தாவும்போது ஸ்டீயரிங் கையை இழுக்கும். இயக்கும் சக்கரங்களும் திருப்பும் சக்கரங்களும் வெவ்வேறாக உள்ள பின்சக்கர இயக்கக் காரில் ஓட்டுநர் இத்தொல்லையிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடுவார். முன்சக்கர இயக்கத்தில் அது நேராக அவர் கைக்கே வந்து சேர்கிறது.

இரு பெரும் வகைகள்

சிறிய கார்களுக்குக் கிடைக்கும் எல்.எஸ்.டி.க்களுள் கருத்தில் கொள்ளத்தக்கவை முதன்மையாக இரண்டு. முதல் வகை பல்சக்கர வகை. சாய்வாக வெட்டப்பட்ட பற்களைக் கொண்ட சிறு பல்சக்கரங்கள், விசை ஏறும்போது கூட்டின் சுவர் மீது அழுந்தி உராய்வை உண்டாக்க, அந்த உராய்வே சக்கரங்களைப் பிணைக்கிறது. அமெரிக்கப் பொறியாளர் வெர்னன் கிளீஸ்மன் 1950-களில் காப்புரிமை பெற்ற டார்சன், பிரிட்டனின் குவைஃப் நிறுவனம் தயாரிக்கும் ஏ.டி.பி. ஆகியவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. விசை ஏற ஏறப் பிணைப்பும் ஏறும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பிணைப்பு தளரும் என்பதால் இவ்வகை ஓசையின்றி, தன் இருப்பையே பெரிதாகக் காட்டிக்கொள்ளாமல் வேலை செய்கிறது. தேய்ந்துபோகும் தட்டுகள் இல்லாததால், நல்ல எண்ணெயில் ஓடும் வரை கியர்பாக்ஸின் ஆயுள் முழுவதும் இதைத் திறந்து பார்க்க வேண்டிய தேவை அரிதாகவே வரும். இதன் குறை ஒன்றே, ஆனால் பெரியது: உள்சக்கரத்தின் விசையைத்தான் இது மடங்காகப் பெருக்குகிறது என்பதால், அச்சக்கரம் தரையை விட்டு முழுதாக எழும்பினால் பெருக்குவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை, சுழியத்தை எதனால் பெருக்கினாலும் சுழியம்தான்.

இரண்டாவது வகை தட்டு வகை. மோட்டார் சைக்கிள் கிளட்சில் இருப்பவற்றை ஒத்த மெல்லிய உராய்வுத் தட்டுகள் இருபுறமும் அடுக்கப்பட்டிருக்க, விசை ஏறும்போது நடுவிலுள்ள குறுக்கு அச்சு சரிவான பள்ளங்களில் ஏறி இரு வளையங்களை விலக்கித் தட்டுகளை நெருக்குகிறது. விசை இல்லாத நிலையிலும் ஸ்பிரிங் மூலம் தட்டுகளை ஓரளவு நெருக்கி வைப்பதற்கு முன்சுமை என்று பெயர். இந்த முன்சுமை இருப்பதால், உள்சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் வெளிச்சக்கரத்துக்கு ஓரளவு விசை சென்றுகொண்டே இருக்கும். சரிவின் கோணம், தட்டுகளின் எண்ணிக்கை, முன்சுமை ஆகிய மூன்றையும் மாற்றி அமைக்கலாம் என்பது இதன் பெருமை. மாற்றி அமைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இதன் சுமை. பொதுவான குறிப்பு முறையில் 45 பாகைச் சரிவு 60 பாகைச் சரிவைவிட வலுவாகப் பிணைக்கும். 90 பாகையை நெருங்கும் சரிவு ஏறத்தாழப் பிணைப்பதே இல்லை.

வேகமெடுக்கும்போது மட்டும் பிணைப்பதை ஒருவழி என்றும், வேகமெடுக்கும்போது வலுவாகவும் காலை எடுக்கும்போது மெதுவாகவும் பிணைப்பதை ஒன்றரை வழி என்றும், இரு நிலைகளிலும் ஒரே அளவில் பிணைப்பதை இருவழி என்றும் கூறுவது வழக்கம். வளைவுக்குள் நுழையும்போது சக்கரங்கள் தடையின்றித் திரும்ப வேண்டிய முன்சக்கர இயக்கக் காருக்கு ஒருவழியோ மிதமான ஒன்றரை வழியோ பொருந்தும். வாலை வீசி ஓட்டும் டிரிஃப்ட் வகைக்கு ஏற்ற இருவழி, சிறிய ஹேட்ச்பேக் காரை வளைவுக்குள் திரும்ப மறுக்கும் வண்டியாக மாற்றிவிடும். உள்ளிருக்கும் சிறு பல்சக்கரங்களை வெல்டிங் செய்து டிஃபரன்ஷியலை முழுமையாகப் பூட்டிவிடுவது செலவு குறைந்த குறுக்குவழிதான். ஆனால் முன்சக்கர இயக்கத்தில் அது டயரையும் ஆக்சிலையும் தின்றுவிடும், சாலைப் பயன்பாட்டில் அபாயமும் ஆகும்.

எந்தக் களத்துக்கு எது

தேர்வின் முதல் படி கடைக்குப் போவதன்று. பங்கேற்கவிருக்கும் பிரிவின் தொழில்நுட்ப விதிகளைப் படிப்பதே ஆகும். எல்லாருக்கும் ஒரே மாதிரிக் காரைத் தரும் ஒற்றைத் தயாரிப்புப் போட்டிகளில் எதையும் மாற்ற முடியாது. ஆலையிலிருந்து வந்தபடியே ஓட வேண்டிய பிரிவுகளில் எல்.எஸ்.டி. பொருத்திய கார் பரிசோதனை மேடையிலேயே விலக்கப்படக் கூடும். விதி இடம் தரும் பிரிவுகளில் களத்தின் தன்மை அடுத்ததாக வருகிறது. இருங்காட்டுக்கோட்டையிலோ கோயம்புத்தூரின் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ தார்த்தடத்தில் மட்டும் ஓடுபவருக்கு, இயங்கும் சக்கரம் தரையை விட்டு எழும்புவது அரிது என்பதால் பல்சக்கர வகையே முதல் தேர்வாகத் தகுதி பெறுகிறது. மேடுபள்ளமான மண் பாதையில் ஓடும் ராலியில் சக்கரங்கள் அடிக்கடி அந்தரத்தில் தொங்கும் என்பதாலும், சரளைக்கல்லில் இரு சக்கரங்களுக்குமே பிடிமானம் கணத்துக்குக் கணம் மாறும் என்பதாலும் அங்கே தட்டு வகை தன் பராமரிப்புச் செலவுக்கு ஈடுகொடுக்கிறது. கூம்புகளுக்கிடையே முதல், இரண்டாம் கியரில் வளைந்து நெளியும் ஆட்டோகிராஸ், ஜிம்கானா போட்டிகளில் எல்.எஸ்.டி.யின் பயன் மிகத் தெளிவாகத் தெரியும். எனினும் அங்கே முன்சுமையைக் குறைவாக வைக்காவிட்டால் கொண்டை ஊசித் திருப்பங்களில் மூக்கு வெளியே தள்ளும்.

பருவமும் கணக்கில் வர வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நனைந்த தடத்தில், முன்சுமை மிகுந்த தட்டு வகை மெதுவான திருப்பங்களில் காரை நேராகத் தள்ளும். கத்திரி வெயிலில் கியர் எண்ணெய் சூடேறும்போது தட்டுகளின் உராய்வுத் தன்மை மாறும். குறுக்காகப் பொருத்திய எஞ்சின் கொண்ட சிறிய கார்களில் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே எண்ணெயில் ஓடுவதால், தட்டுகள் தேய்ந்து உதிரும் துகள்கள் கியர்களுக்கும் போய்ச் சேரும். ஆகவே தட்டு வகையைத் தேர்பவர் எண்ணெயை அடிக்கடி மாற்றுவதையும், தட்டுகளுக்கு உரிய எண்ணெயையே பயன்படுத்துவதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அமெச்சூர் பந்தயக்காரர்களுள் பலருக்கு ஞாயிற்றுக்கிழமை தடத்தில் ஓடும் காரே திங்கட்கிழமை அலுவலகத்துக்கும் செல்லும் கார். உஸ்மான் சாலை நெரிசலில் ஊர்ந்து, லஸ் முனையில் ஒடித்துத் திரும்பி, அடையாற்றில் ஒரு குறுகிய இடத்தில் நிறுத்தப்பட வேண்டிய காரில் தட்டு வகையைப் பொருத்தினால், ஒவ்வொரு முழுத் திருப்பத்திலும் முன்புறம் கடகடவென்று ஒலிக்கும், டயர்கள் தத்தித் தேயும். பல்சக்கர வகையில் இத்தொல்லை கிடையாது என்பதும் அதன் பக்கம் எடை கூட்டும் காரணங்களுள் ஒன்று.

பொருத்துவதற்கு முன்

எல்.எஸ்.டி.யின் விலையைவிட அதைப் பொருத்தும் வேலையையே பலர் குறைவாக மதிப்பிடுகிறார்கள். கியர்பாக்ஸ் முழுவதையும் இறக்கிப் பிரிக்க வேண்டும். ஆக்சிலின் பல்வரிகளின் எண்ணிக்கை புதிய கருவியோடு பொருந்த வேண்டும். பக்கவாட்டு பேரிங்குகள் சரியான இறுக்கத்தில் அமைய உரிய கனமுள்ள ஷிம் தகடுகளைத் தேர்ந்து வைக்க வேண்டும். பின்சக்கர இயக்கக் காரின் கிரௌன், பினியன் இடைவெளியை நுட்பமாகச் சரிசெய்யும் கூடுதல் வேலை முன்சக்கர இயக்கச் சிறிய கார்களில் இல்லை என்பது ஓர் ஆறுதல். ஜி.பி. சாலையின் உதிரிபாகக் கடைகளிலும் புதுப்பேட்டையின் பழைய பாகச் சந்தையிலும் ஒரே மாடலின் கியர்பாக்ஸ்கள் தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும், உள்ளளவுகள் தயாரிப்பு ஆண்டுக்கு ஆண்டு வேறுபடக் கூடும் என்பதால், கருவியை வாங்குவதற்கு முன்பே தன் கியர்பாக்ஸின் குறியீட்டு எண்ணைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு செலவுக்கும் உழைப்புக்கும் முன்னால், உள்சக்கரம் ஏன் நழுவுகிறது என்பதைக் கண்டறிய வேண்டும். தேய்ந்த டயர், தவறான அலைன்மெண்ட், முன்பக்கத்தில் அளவுக்கு மீறித் தடித்த ஸ்டெபிலைசர் பார் ஆகிய மூன்றும் அதே நழுவலை உண்டாக்கும். பின்பக்க ஸ்டெபிலைசர் பாரைச் சற்றுக் கடினமாக்கினால் எடைச் சாய்வின் பெரும்பங்கைப் பின்சக்கரங்கள் ஏற்றுக்கொள்ள, முன் உள்சக்கரம் தரையிலேயே அழுந்தி நிற்கும். நல்ல ஹேட்ச்பேக் பந்தயக் கார்கள் வளைவில் பின் உள்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதன் காரணம் இதுவே. முன் பம்பரின் அருகே ஒரு சிறிய கேமராவைப் பொருத்தி ஒவ்வொரு வளைவிலும் உள்சக்கரத்தைப் படமெடுத்தால், அது சுழல்கிறதா, எழும்புகிறதா, எந்தக் கியரில், எந்த வளைவில் என்பதெல்லாம் ஒரே நாளில் தெரிந்துவிடும். சுழலவே இல்லையென்றால் பணம் மிச்சம். இரண்டாம் கியர் வளைவுகளில் மட்டும் சுழன்றால் பல்சக்கர வகை. எழும்பிச் சுழன்றால் முதலில் சஸ்பென்ஷன், அதற்கும் அடங்காவிட்டால் குறைந்த முன்சுமையுள்ள தட்டு வகை.

கருவி பொருந்திய பின்னர் ஓட்டுநரும் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். சாதாரண டிஃபரன்ஷியலில், உள்சக்கரம் சுழன்றுவிடுமே என்று வளைவு முடியும் வரை காத்திருந்து ஆக்சிலரேட்டரை அழுத்தப் பழகியவர், எல்.எஸ்.டி. வந்த பிறகும் அப்படியே காத்திருந்தால் அக்கருவிக்கு வேலையே இராது. வளைவின் நடுவிலேயே மெல்ல அழுத்தத் தொடங்கினால்தான் வெளிச்சக்கரம் காரின் மூக்கை உள்நோக்கி இழுக்கும். மொத்தமாக அழுத்தினால் அதே சக்கரம் தன் பிடிமானத்தை இழந்து காரை வெளியே தள்ளும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட அளவை எந்த விற்பனைப் பட்டியலும் சொல்லாது. தடத்தில் பல சுற்றுகள் ஓடி, ஓட்டுநரின் வலது பாதம்தான் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.